தோட்டத்தில் தெரியாத பூச்சியா? அடிப்பதற்கு முன் அடையாளம் காணும் வழி

செடியின் சாற்றை உறிஞ்சும் சிறு பூச்சியான அசுவினி அப்பிய ஓர் இலையைத் திருப்பிப் பார்க்கிறீர்கள். அந்தக் கூட்டத்துக்கு நடுவே கறுப்பாக, முள்முள்ளாக, முதுகில் ஆரஞ்சுத் திட்டுகளோடு ஒரு புழு வேகமாக ஊர்ந்து போகிறது. புதிதாகத் தோட்டம் போட்டவர் அந்த நொடியிலேயே அதை நசுக்கிவிடுவார். அது பொறிவண்டின் இளம்புழு. அந்த அசுவினியைத் தின்பதற்காகவே தாய்வண்டு அங்கே தேடி வந்து முட்டையிட்டிருக்கிறது. நசுக்கியவர் அடுத்த வாரம் அசுவினிக்கு மருந்து தேடிக்கொண்டிருப்பார்.

தோட்டத்துக்கு உதவும் பூச்சிகள் பலவும் இளம்பருவத்தில் பார்க்கப் பயமாகத்தான் இருக்கும். புள்ளி வைத்த சிவப்பு வண்டை எல்லோருக்கும் தெரியும். அதன் புழுவைத் தெரிந்தவர்கள் குறைவு. ஆனால் பெரிய வேலையைச் செய்வது அந்தப் புழுதான்.

உலகில் இதுவரை பெயர் சூட்டப்பட்ட பூச்சி இனங்கள் சுமார் 10 லட்சம். அவற்றில் செடிகொடிகளுக்குத் தொல்லை தருபவை மிகச் சிறிய பங்கு. மற்றவை மகரந்தம் சுமப்பவை, பிற பூச்சிகளைத் தின்பவை, சருகை மட்க வைப்பவை, சும்மா இளைப்பாற உட்கார்ந்துவிட்டுப் போகிறவை. இத்தனைக்கும் பெயர் கற்றுக்கொள்ள யாராலும் முடியாது, தேவையும் இல்லை. ‘இது இங்கே என்ன செய்துகொண்டிருக்கிறது?’ என்ற கேள்விக்கு விடை கண்டுபிடிக்கத் தெரிந்தால் தோட்டக்காரருக்குப் போதும்.

முதலில் தொடாமல் பாருங்கள்

கையில் போன் இருந்தால் உடனே படம் எடுங்கள். மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, முடிந்தால் முகம் தெரிகிற மாதிரி ஒன்று. அளவு புரிய, பக்கத்தில் ஒரு விரலோ பேனாவோ இருக்கட்டும். பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் சிறு கைலென்ஸ் ஒன்று வாங்கிவைத்துக்கொண்டால் தோட்டம் இருக்கிற வரைக்கும் உதவும். கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னதாக ஏதோ இருக்கிறது என்று சந்தேகம் வந்தால் ஒரு வெள்ளைத் தாளைக் கிளைக்கு அடியில் பிடித்து, கிளையை இரண்டு தட்டுத் தட்டுங்கள். விழுந்தவை வெள்ளைப் பின்னணியில் தெளிவாகத் தெரியும்.

வெறும் கையால் தொட வேண்டாம். கம்பளிப்பூச்சிகளின் ரோமம் தோலில் அரிப்பும் தடிப்பும் உண்டாக்கும். நல்ல பூச்சி என்றால் தொடலாம் என்றும் பொருளில்லை. எறும்பைப் போல ஒல்லியாக, ஆரஞ்சும் கருநீலமும் மாறிமாறி வரும் பட்டையோடு ஒரு சிறு வண்டு உண்டு. பீடரஸ் என்று சொல்வார்கள். பயிரைக் கெடுக்கும் சிறு பூச்சிகளைப் பிடித்துத் தின்னும் நல்ல வேட்டைக்காரன் அது. ஆனால் தோலின் மீது வைத்து நசுக்கிவிட்டால் அதன் உடலுக்குள் இருக்கும் நச்சு பட்டுக் கொப்புளம் வரும். உங்கள் மேல் வந்து உட்கார்ந்தால் ஊதித் தள்ளுங்கள், அடிக்காதீர்கள்.

படம் எடுத்த பிறகு சில நிமிடம் அப்படியே கவனியுங்கள். என்ன செடி, அதில் எந்த இடம்? தனியாக இருக்கிறதா, கும்பலாகவா? அசையாமல் வாயைச் செடியில் பதித்து உட்கார்ந்திருக்கிறதா, அங்கும் இங்கும் அலைகிறதா? புதியவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்: கும்பலாக அசையாமல் இருப்பது பெரும்பாலும் சாறு உறிஞ்சி, தனியாகப் பரபரவென்று அலைவது பெரும்பாலும் வேட்டைக்காரன். செடியைத் தின்பதற்கு ஓட வேண்டிய அவசியமில்லை, இரையைத் தேடுபவைதான் ஓடியாக வேண்டும். விதிவிலக்குகள் இருக்கின்றன. ஆனாலும் முதல் கணிப்புக்கு இது நன்றாகவே உதவும்.

இன்னொன்று: ஓட்டை விழுந்த இலையின் மேல் பகலில் உட்கார்ந்திருப்பதுதான் ஓட்டை போட்டது என்று முடிவு கட்டாதீர்கள். இலையைக் கடிக்கும் புழுக்களும் நத்தைகளும் வண்டுகளும் நிறைய இரவில்தான் வெளியே வரும். இருட்டிய பிறகு டார்ச்சோடு ஒருமுறை சுற்றி வந்தால் உண்மையான ஆள் யார் என்று தெரிந்துவிடும். இலையில் கறுப்பாகச் சிறு உருண்டைகள் சிதறிக் கிடந்தால் அது புழுவின் எச்சம். அதற்கு மேலே இருக்கும் இலைகளில் தேடுங்கள்.

காலையும் இறக்கையையும் எண்ணுங்கள்

ஆறு கால் இருந்தால் பூச்சி. எட்டு கால் என்றால் சிலந்தி அல்லது அதன் உறவினர். தோட்டத்துச் சிலந்திகளை அப்படியே விட்டுவிடுங்கள், அவை கணக்கில்லாமல் பூச்சி பிடிப்பவை. ஆனால் இலைக்கு அடியில் புள்ளி அளவே இருந்து, மெல்லிய வலை பின்னி, இலையை வெளுக்கவைக்கும் செஞ்சிலந்திக்கும் எட்டு கால்தான். அது சாறு உறிஞ்சி. அதைத் தின்னும் இரைவிழுங்கிச் சிலந்தியும் அதே இலையில் இருக்கலாம். வேறுபாடு வேகத்தில்: உறிஞ்சுவது மெல்ல நகரும், தின்பது சரசரவென ஓடும்.

கால்கள் எண்ண முடியாத அளவுக்கு நிறைய இருந்தால் ஒவ்வொரு வளையத்திலும் எத்தனை ஜோடி என்று பாருங்கள். ஒரு ஜோடி என்றால் பூரான். கடிக்கும், ஆனால் செடியைத் தொடாது, பூச்சிகளைத்தான் தின்னும். இரண்டு ஜோடி என்றால் மரவட்டை. மட்கிய இலைதான் அதற்குப் பெரும்பாலும் உணவு.

புழுவாக இருந்தால் கொஞ்சம் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். பட்டாம்பூச்சி, அந்துப்பூச்சிகளின் புழுக்களுக்கு முன்பக்கம் மூன்று ஜோடி உண்மைக் கால்களும், பின்னால் சதைப்பற்றான பொய்க்கால்களும் இருக்கும். இவைதான் பெரும்பாலும் இலை தின்பவை. பொய்க்கால் ஒன்றும் இல்லாமல் முன்பக்கம் ஆறு கால் மட்டும் நன்றாகத் தெரிந்து, வேகமாக ஓடினால் அது வேட்டைக்கார வண்டு அல்லது கண்ணாடி இறக்கைப் பூச்சியின் புழுவாக இருக்க வாய்ப்பு அதிகம். காலே இல்லை என்றால் பெரும்பாலும் ஈ வகையின் புழு.

பறப்பவற்றில் இறக்கையை எண்ணுங்கள். ஈக்கு ஒரு ஜோடி இறக்கை, தேனீக்கும் குளவிக்கும் இரண்டு ஜோடி. உட்கார்ந்திருக்கும்போது எண்ணுவது கடினம். அப்போது முகத்தைப் பாருங்கள்: பெரிய கண்கள் தலையை நிறைத்து, உணர்கொம்பு குட்டையாக இருந்தால் ஈ. மஞ்சளும் கறுப்புமாகக் குளவி வேடம் போட்டுக்கொண்டு, பூவுக்கு முன் அந்தரத்தில் அசையாமல் நின்று பறப்பது சிர்பிட் ஈ. அதற்குக் கொடுக்கு கிடையாது. குளவி என்று பயந்து அதை விரட்டுபவர்கள் நிறையப் பேர்.

இளம்பருவத்தில் ஆளே வேறு

இங்கேதான் நேரம் செலவிட வேண்டும். வளர்ந்த பூச்சியை அறிந்து வைத்திருப்பதில் பாதிப் பயன்தான்.

பொறிவண்டின் புழு நீளமாக, வால்பக்கம் குறுகி, ஒரு குட்டி முதலையின் உருவத்தில் இருக்கும். கறுப்பு அல்லது அடர்சாம்பல் நிறம், ஆரஞ்சு அல்லது மஞ்சள் திட்டுகள். முழுவளர்ச்சி அடைந்ததும் இலையில் வால்பக்கத்தை ஒட்டிக்கொண்டு கூட்டுப்புழுவாகும். அசையாமல் ஒட்டியிருக்கும் ஆரஞ்சு உருண்டையை நோய் என்று நினைத்துக் கிள்ளி எறிய வேண்டாம்.

மாவுப்பூச்சியோடு ஒரு பெரிய குழப்பம் உண்டு. கிரிப்டோலீமஸ் என்ற பொறிவண்டின் புழு உடம்பெல்லாம் வெள்ளை மெழுகு இழைகளை வளர்த்துக்கொண்டு மாவுப்பூச்சியைப் போலவே தோன்றும். அந்தக் கூட்டத்துக்குள்ளேயே இருந்து அவற்றைத் தின்னும். மாவுப்பூச்சியைத் துடைத்தெடுக்கும்போது, மற்றவற்றைவிடப் பெரிதாக, இழைகள் நீளமாக, தொட்டவுடன் விறுவிறுவென நகரும் ஒன்று இருந்தால் அதை விட்டுவிடுங்கள். உங்கள் வேலையைத்தான் அதுவும் செய்துகொண்டிருக்கிறது.

பச்சைக் கண்ணாடி இறக்கைப் பூச்சி மாலையில் விளக்கைச் சுற்றும் மெல்லிய, அழகான பூச்சி. அதன் புழுவோ பழுப்பு நிறத்தில், தலைக்கு முன்னால் அரிவாள் வடிவில் வளைந்த இரண்டு தாடைகளோடு இருக்கும். அசுவினியை அந்தத் தாடையால் குத்தித் தூக்கி உறிஞ்சிவிட்டுச் சக்கையைப் போடும். சில வகைப் புழுக்கள் அந்தச் சக்கையையும் தூசியையும் முதுகில் அடுக்கிக்கொள்ளும். குப்பைத் துணுக்கு ஒன்று இலையில் தானாக நடந்து போனால் அது இதுதான்.

சிர்பிட் ஈயின் புழு கால் இல்லாதது, தலைப்பக்கம் கூம்பியிருக்கும், பச்சையாகவோ வெளிறிய பழுப்பாகவோ இருக்கும். அருவருப்பாகத் தோன்றலாம். அசுவினிக் கூட்டத்துக்கு நடுவே இப்படி ஒன்றைப் பார்த்தால் மகிழ்ச்சியடையுங்கள். இலை தின்னும் புழுவுக்கு அசுவினிக் கூட்டத்தின் நடுவில் வேலை இல்லை.

மட்குக்குழியில் ஆங்கில எழுத்து ‘சி’யைப் போலச் சுருண்டு கிடக்கும் தடித்த வெள்ளைப் புழுக்களும் அடிக்கடி பயமுறுத்தும். சில வண்டுகளின் புழு வேரைக் கடிக்கும், சிலவற்றின் புழு மட்கை மட்டும் தின்னும். ஒரு எளிய சோதனை உண்டு: சமதளத்தில் விட்டுப் பாருங்கள். மல்லாந்து படுத்து முதுகால் நகர்ந்து போனால் அது பூவண்டு வகையின் புழு, மட்கை உரமாக்கும் வேலைக்காரன். திரும்ப மட்குக்குள்ளேயே போடுங்கள்.

ஆள் மாறிப்போகும் இடங்கள்

பொறிவண்டு எல்லாமே நல்லவை என்றும் சொல்ல முடியாது. கத்தரி, உருளை, தக்காளி குடும்பச் செடிகளில் இலையின் பச்சையைச் சுரண்டி நரம்பை மட்டும் சல்லடையாக விட்டுவைக்கும் எபிலாக்னா வண்டும் அதே குடும்பம்தான். நல்ல பொறிவண்டின் முதுகு பெரும்பாலும் வழுவழுவெனப் பளபளக்கும். எபிலாக்னாவின் மேல் நுண்ணிய ரோமம் இருப்பதால் மங்கலாகத் தெரியும், புள்ளிகளும் நிறைய. ஒரு வகைக்கு 28. அதன் புழு மஞ்சளாக, உடம்பெல்லாம் கிளைவிட்ட முட்களோடு மெதுவாக நகரும். வண்டைவிட இலையைப் பார்த்தால் இன்னும் எளிது: சல்லடையான இலை இருந்தால் எபிலாக்னா, அசுவினி இருந்தால் பொறிவண்டு.

நாவாய்ப்பூச்சிகளிலும் இரண்டு கட்சி உண்டு. தலைக்கு அடியில் இருக்கும் உறிஞ்சுகுழலைப் பக்கவாட்டில் பாருங்கள். தடித்து, குட்டையாக, வளைந்திருந்தால் வேட்டையாடுவது. மெல்லியதாக, நீளமாக, வயிற்றோடு ஒட்டி மடிந்திருந்தால் செடியின் சாறு உறிஞ்சுவது. வேட்டையாடும் வகை நம் கையிலும் வலிக்கக் குத்தும், அதனால் லென்ஸ் வழியாக மட்டும் பாருங்கள்.

இலையின் ஓரத்தில் அளந்து வெட்டியது போல அரைவட்டமாகத் துண்டு காணாமல் போயிருந்தால் அது இலைவெட்டித் தேனீயின் வேலை. இலையை அது தின்பதில்லை, கூடு கட்டக் கொண்டுபோகிறது. செடிக்கு அதனால் பெரிய நட்டம் இல்லை, பூக்களுக்கு மகரந்தச் சேர்க்கை கிடைக்கிறது. இந்த ஒன்றுக்கு மருந்து அடிப்பவர்களைக் கண்டால் எனக்கு வருத்தமாகவே இருக்கும்.

பெரிய கறுப்புத் தச்சுத் தேனீ, தக்காளி, கத்தரிப் பூக்களைப் பிடித்துக்கொண்டு உடலை அதிரவைத்து மகரந்தத்தை உதிர்க்கும் காட்டுத் தேனீக்கள் எல்லாம் விருந்தாளிகள். தேன்கூட்டுத் தேனீயால் அந்த அதிர்வு வேலையைச் செய்ய முடியாது. மண்கூடு கட்டும் குளவி புழுவையோ சிலந்தியையோ மயக்கித் தூக்கிக்கொண்டு போய்த் தன் குஞ்சுக்கு வைக்கும். தட்டானும் ஊசித்தட்டானும் பறக்கும் கொசு, சிறு ஈக்களைப் பிடிக்கும். கும்பிடுபூச்சியைப் பற்றி மட்டும் கொஞ்சம் அளவோடு மகிழலாம். அது எதிரி, நண்பன் என்று பார்க்காது, தேனீ கிடைத்தாலும் தின்னும். இருந்தாலும் இருக்கட்டும்.

எறும்பு ஒரு நல்ல துப்பு. செடியில் வரிசையாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தால் மேலே அசுவினியோ மாவுப்பூச்சியோ செதில்பூச்சியோ இருக்கிறது என்று கொள்ளலாம். அவை கழிக்கும் இனிப்புத் திரவத்துக்காக எறும்புகள் அவற்றைக் காவல் காக்கும், பொறிவண்டு வந்தால் விரட்டும். அந்தத் திரவம் சிந்திய இலையில் அப்புறம் கரும்பூசணம் படியும்.

முட்டையும், உப்பிய அசுவினியும்

இலையின் அடியில் மஞ்சள் நிற முட்டைகள் செங்குத்தாக, நெருக்கமாக நின்றால் பொறிவண்டாக இருக்கலாம். பக்கத்தில் அசுவினி இருக்கிறதா என்று பாருங்கள். எபிலாக்னாவும் இப்படித்தான் இடும், ஆனால் அதற்கு அசுவினி தேவையில்லை. மெல்லிய முடி போன்ற காம்பின் நுனியில் தனித்தனியாக நிற்கும் முட்டை கண்ணாடி இறக்கைப் பூச்சியுடையது. இதை வேறு எதனோடும் குழப்பிக்கொள்ள வாய்ப்பே இல்லை. குச்சியில் ஒட்டிய, காய்ந்த நுரைக்கட்டி போன்றது கும்பிடுபூச்சியின் முட்டைக்கூடு.

அசுவினிக் கூட்டத்தில் சில மட்டும் உப்பி, வைக்கோல் அல்லது வெண்கல நிறத்தில், காகிதம் போல உலர்ந்து இருக்கும். அவை ஏற்கெனவே செத்தவை. உள்ளே ஒட்டுண்ணிக் குளவியின் புழு வளர்கிறது, அல்லது வளர்ந்து ஒரு வட்ட ஓட்டை போட்டு வெளியேறிவிட்டது. இப்படிச் சில இருந்தாலே நல்ல செய்தி. இந்தக் குளவிகள் நம்மைக் கொட்டுவதில்லை, நம் கண்ணில் படுவதும் அரிது. முட்டை ஒட்டுண்ணியான டிரைக்கோகிரம்மா 1 மில்லிமீட்டர்கூட இருக்காது. அது முட்டையிட்ட அந்துப்பூச்சி முட்டைகள் கறுத்துவிடும். புழுவின் முதுகில் வெள்ளைச் சிறு கூடுகள் ஒட்டியிருந்தாலும் அந்தப் புழுவை அப்படியே விடுங்கள். அது இனி அதிகம் தின்னாது, அதிலிருந்து வெளிவரும் குளவிகள் மற்ற புழுக்களைத் தேடிப் போகும்.

பெயர் தெரிந்தாக வேண்டும் என்றால்

ஐநேச்சுரலிஸ்ட், சீக், கூகுள் லென்ஸ் போன்ற செயலிகளில் படத்தைக் கொடுத்தால் பெயரைப் பரிந்துரைக்கும். வளர்ந்த பூச்சிகளில் நன்றாகவே உதவும். முட்டை, புழு, கூட்டுப்புழு என்றால் தடுமாறும். செயலி சொல்லும் முதல் பெயரை அப்படியே ஏற்காமல், அந்த இனம் நீங்கள் இருக்கும் பகுதியில் காணப்படுகிறதா, நீங்கள் பார்த்த செடியில் வாழுமா என்று சரிபாருங்கள். துல்லியமான இனப்பெயர் கிடைக்காவிட்டாலும் கவலை வேண்டாம். ‘பொறிவண்டுக் குடும்பம், அசுவினி தின்பது’ என்பது வரை வந்தாலே முடிவெடுக்கப் போதும்.

ஒரு புழு என்னவென்றே புரியவில்லையா? பாட்டிலில் போட்டு, எந்தச் செடியில் எடுத்தீர்களோ அதன் இலையைத் தினமும் மாற்றி வைத்து, வாயைத் துணியால் கட்டி நிழலில் வையுங்கள். கூட்டுப்புழுவாகி என்ன வெளியே வருகிறது என்று பாருங்கள். பட்டாம்பூச்சி வரலாம், அந்துப்பூச்சி வரலாம், சில நேரம் ஒட்டுண்ணிக் குளவியே வரும். இதைவிட நன்றாகக் கற்றுக்கொள்ள வேறு வழி எனக்குத் தெரியவில்லை. எலுமிச்சையில் முதலில் பறவை எச்சம் போலவும் பிறகு பச்சையாகவும் இருந்து, தொட்டால் தலைக்குப் பின்னால் கவை போன்ற உறுப்பை நீட்டி நாறும் புழு, எலுமிச்சைப் பட்டாம்பூச்சியினுடையது. செடி பெரிதாக இருந்தால் ஒரு கிளையை அதற்கு ஒதுக்கலாம்.

கெடுக்கும் பூச்சிதான் என்று உறுதியான பிறகு

சரி, உறுதியாகிவிட்டது. அப்போதும் உடனே மருந்துக்குப் போகாதீர்கள். அசுவினி இணை சேராமலே குட்டி போடும், வெப்பமான நாட்களில் அந்தக் குட்டி ஒரு வாரம் பத்து நாளில் தானும் குட்டி போடத் தொடங்கும். பொறிவண்டு முட்டையிலிருந்து வண்டாக மூன்று நான்கு வாரம் ஆகும். அதனால் முதலில் அசுவினி பெருகும், நண்பர்கள் பின்னால்தான் வந்து சேர்வார்கள். இந்த இடைவெளியில் எல்லாவற்றையும் கொல்லும் மருந்தை அடித்தால் இரண்டு கூட்டமும் சாகும், வேகமாகப் பெருகும் அசுவினி முதலில் திரும்பி வரும், இந்தமுறை தின்ன ஆளில்லாமல்.

இது பெரிய அளவிலேயே நடந்திருக்கிறது. கலிபோர்னியாவின் ஆரஞ்சு, எலுமிச்சைத் தோப்புகளைப் பஞ்சுபோன்ற செதில்பூச்சி ஒன்று அழித்துக்கொண்டிருந்தபோது, 1888-89இல் ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு சிறு பொறிவண்டைக் கொண்டுவந்து விட்டார்கள். ஓரிரு ஆண்டுக்குள் செதில்பூச்சி கட்டுக்குள் வந்தது. 1940களின் பிற்பாதியில் அங்கே டிடிடி தெளித்தபோது பொறிவண்டுகள் செத்தன, அடங்கிக் கிடந்த செதில்பூச்சி மறுபடி தலைதூக்கியது.

எனவே செடி வாடவில்லை, நுனி சுருளவில்லை என்றால் கொஞ்ச நாள் பொறுத்துப் பாருங்கள். பொறுக்க முடியாத அளவு என்றால் வேகமாகத் தண்ணீர் பீய்ச்சி அசுவினியை உதிர்க்கலாம். புழுவைக் கையுறை போட்டுப் பொறுக்கலாம், மோசமான நுனியை வெட்டிவிடலாம். எறும்பு ஏறாதபடி தண்டில் ஒட்டும் பட்டை கட்டினால் பாதி வேலை முடிந்தது. சோப்புக் கரைசல், வேப்பெண்ணெய் தெளிப்பதானால் பாதித்த இடத்தில் மட்டும், தேனீக்கள் போன பிறகு மாலையில். இவையும் பொறிவண்டின் புழுவைப் பாதிக்கக்கூடும், எனவே தெளிக்கும் முன் இலையைத் திருப்பிப் பாருங்கள். மஞ்சள் ஒட்டுப்பொறியிலும் கவனம் வேண்டும். வெள்ளை ஈயோடு ஒட்டுண்ணிக் குளவிகளும் சிர்பிட் ஈக்களும் அதில் மாட்டும்.

நண்பர்கள் தங்குவதற்குச் செய்ய வேண்டியது அதிகமில்லை. கொத்தமல்லி, சோம்பு போன்றவற்றில் சிலவற்றைப் பறிக்காமல் பூக்க விடுங்கள். அந்தச் சின்னப் பூக்களின் தேன், குட்டை வாயுள்ள ஒட்டுண்ணிக் குளவிகளுக்கும் சிர்பிட் ஈக்களுக்கும் எட்டும். ஒரு மூலையில் சருகு கிடக்கட்டும், தரை வண்டுகள் பகலில் அதில் ஒளிந்திருக்கும். கொஞ்சம் மண் மூடாமல் இருக்கட்டும், மண்ணில் வளை தோண்டும் தேனீக்களுக்கு. கூழாங்கல் போட்ட ஆழமில்லாத தட்டில் தண்ணீர் வையுங்கள். ஒன்றிரண்டு செடியில் அசுவினி இருந்தாலும் விட்டுவையுங்கள். இரையே இல்லாத தோட்டத்தில் வேட்டைக்காரன் தங்க மாட்டான்.

வளர்ந்த பொறிவண்டுகளை விலைக்கு வாங்கித் திறந்த தோட்டத்தில் விடும் யோசனை வந்தால் தவிர்த்துவிடுங்கள், பெரும்பாலானவை பறந்து போய்விடும். கட்டாயம் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் பறக்க முடியாத புழுப்பருவத்தில் வாங்கி, அசுவினியோ மாவுப்பூச்சியோ இருக்கும் கிளையிலேயே, வெயில் தாழ்ந்த பிறகு விடுங்கள்.